திரட்டின் மேல்மண்ணும் எங்கள் வரலாறுதான்: பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் ஓட்டுத்திரட்டில், அதாவது பழைய பானையோடு நிறைந்த மேட்டில், மண் எடுக்க ஒப்புதல் தந்த அலுவலர்களுக்கும், அதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று எழுதிக்கொடுத்த ஆய்வுக் குழுவினருக்கும்,

அங்கே மண் எடுக்க வேண்டாம் என்று கேட்ட என் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய பதில் ஒன்றரைப் பக்கம். அதில் காரணம் என்று இருப்பது ஒரே வரி. மேற்பரப்பில் கிடைப்பவை இடைக்காலத்து ஓடுகள், சங்ககாலத் தடயம் எதுவும் காணப்படவில்லை, ஆகவே மண் எடுக்கலாம். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை ஊரறியச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கொற்கைக்கும் பழையகாயலுக்கும் இடையில், வடகால் பாசனத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்தத் திரடு. பரப்பு மூன்று ஏக்கருக்குள்தான் இருக்கும். உச்சியில் இரண்டு உடைமரம், ஒரு மாடன் பீடம். சுற்றிலும் எந்த வயலில் மண்வெட்டி போட்டாலும் கறுப்பு வண்டல் வரும். திரட்டில் மட்டும் ஓடு வரும். அதனால்தான் அந்தப் பெயர். சிறு பிள்ளையில் நாங்கள் பாண்டி ஆடுவதற்குச் சில்லு பொறுக்கியது அங்கேதான். சில சில்லுகள் ஏற்கெனவே வட்டமாகத் தேய்ந்திருக்கும், நாங்கள் தேய்க்க வேண்டியதே இல்லை. யாரோ ஒரு பிள்ளை நமக்கு முன்னாடியே ஆடிவிட்டுப் போட்டது என்று என் அம்மை சொல்வாள். அகழாய்வு அறிக்கைகளில் 'வட்டச்சில்லு' என்று படித்தபோதுதான் அம்மை சொன்னது சரி என்று தெரிந்தது.

பிறகு நான் வரலாற்று ஆசிரியை ஆனேன். 27 வருசம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு வருசமும் கொற்கைப் பாடம் வரும். பாண்டியர் துறைமுகம், முத்துக்குளிப்பு, கிரேக்க மாலுமிகள் 'கொல்கொய்' என்று எழுதிவைத்த ஊர், தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் விலகியது, துறைமுகம் அழிந்தது. பாடம் அதோடு முடிந்துவிடும். ஒரு தடவை எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்: "கடல் போனப்புறம் இங்க இருந்த ஆளுக என்ன செஞ்சாவ டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பாடப்புத்தகத்திலும் இல்லை. ஊரை விட்டுப் போயிருப்பார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது தவறான பதில் என்று அந்தத் திரடுதான் எனக்குக் காட்டியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தண்ணீருக்குள் நின்றன. எங்கள் வீட்டில் நெஞ்சளவு வந்தது. தண்ணீர் வடிந்து, வீடு கழுவி, செத்த மாட்டைப் புதைத்து, எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் திரட்டுப் பக்கம் போனேன். ஓடை அதன் வடக்குப் பக்கத்தை அப்படியே அரிந்து எடுத்திருந்தது. ஆளுயரத்துக்கு மேல் ஒரு செங்குத்தான வெட்டுமுகம். கீழிருந்து மேல்வரை மண்ணடுக்குகள் நிறம் நிறமாகத் தெரிந்தன. என்னிடம் படித்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய், தையல் டேப்பை வைத்து அளந்து, படம் எடுத்து, ஒரு நோட்டில் வரைந்துவைத்தோம். எதையும் பிடுங்கவில்லை. கீழே விழுந்து கிடந்ததை மட்டும் இடம் குறித்துப் பையில் போட்டோம். அந்த நோட்டின் நகல் என் மனுவோடு உங்களிடம் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்ததற்கான அடையாளம் உங்கள் பதிலில் எங்கும் இல்லை.

அதில் இருப்பதை இங்கே சொல்கிறேன்.

அடியில் கடல் மணல், கிளிஞ்சல் கலந்தது. கால்டுவெல் 1870களில் கொற்கையில் தோண்டிப் பார்த்தபோது கறுப்பு வண்டலுக்குக் கீழே கடல் மணலையும் சிப்பியையும் கண்டு எழுதினாரே, அதே மாதிரி. அதன் மேல் இரண்டு சாண் கனத்துக்குச் சங்குக் கழிவு. முழுச் சங்கு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வாளால் அறுத்த நடுத்தண்டும் மூக்கும் வளை எடுத்த மிச்சமும். மிதித்து மிதித்து இறுகிய தரை அது. அங்கே ஒரு சங்கறுக்கும் கூடம் நெடுங்காலம் நடந்திருக்க வேண்டும் என்று எந்தச் சங்குத் தொழிலாளியும் பார்த்தவுடன் சொல்வார்.

அதற்கு மேலேதான் விசயம் இருக்கிறது. சங்குத் தரை முடியும் இடத்தில் ஒரு சுவரின் அடி. பெரிய பழைய செங்கல்லை உடைத்து, உடைந்த துண்டுகளைச் சேற்றில் பதித்துக் கட்டிய சுவர். அந்தச் சுவரை ஒட்டி, வட்டமாகச் சுட்ட மண் விளிம்பு, உள்ளே கருகிய உமி. நெல் கொட்டிவைக்கும் குதிர். எங்கள் தாத்தா வீட்டு மச்சில் இருந்த குதிரின் அடிபோலவே இருந்தது. சங்கறுத்த தரையின் மேல் யாரோ நெல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்கில் சங்குத் துண்டு ஒன்றிரண்டுதான், அதுவும் கீழிருந்து கிளறி வந்ததாக இருக்கலாம். பானையோடுகள் மாறிவிட்டன. கறுப்பு-சிவப்பு ஓடு நின்றுவிட்டது, தடித்த சிவப்பு ஓடும் கூரை ஓடும் வருகின்றன. கூரை ஓட்டில் ஒன்றின் முதுகில் மூன்று விரல் இழுத்த தடம் அப்படியே இருந்தது.

அதற்கும் மேலே, ஒரு முழம் கனத்துக்கு ஓட்டுக் குவியல். அதில் எங்களுக்கு மூன்று துண்டு பச்சை மெருகுப் பீங்கான் கிடைத்தது. விடுமுறையில் வந்த ஓர் ஆராய்ச்சி மாணவரிடம் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார், செலடான், சீனத்திலிருந்து வந்தது என்று. கால்டுவெல் பழையகாயல் சமவெளியில் மைல் கணக்கில் உள்ளூர் ஓட்டோடு சீனத்து ஓடும் இறைந்து கிடந்ததாக எழுதியிருக்கிறார். அந்தக் காயல் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்துபார்த்த ஊர். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் வந்துநின்ற துறை. கொற்கைக்கு அருகிலிருந்த கடல் காயலுக்கு அருகே போனது, பிறகு காயலையும் விட்டுத் தள்ளிப் போனது. எங்கள் திரட்டு வீட்டுக்காரர் அந்தப் புதுத் துறையில் வாங்கிய கிண்ணம் உடைந்து இங்கே கிடந்திருக்கலாம்.

நான் அகழாய்வாளர் அல்ல. இதற்கெல்லாம் காலம் குறிக்க எனக்கு அறிவும் இல்லை, உரிமையும் இல்லை. உமியைக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பினால் தெரியும், ஓடுகளை வகைப்படுத்தினால் தெரியும். ஆனால் அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இந்தச் சுவரில்தான் இருக்கிறது. கடல் போனது. ஊர் போகவில்லை. சங்கறுத்தவர்களின் பிள்ளைகளோ, அவர்களுக்குப் பின் வந்தவர்களோ, ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி, வண்டலில் நெல் விதைத்து, துறைமுகத்தின் செங்கல்லை உடைத்து வேளாண் வீடு கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வடகால் வழியாகத் தண்ணீர் வருகிறதா என்று கரையில் உட்கார்ந்து காத்திருக்கும் நாங்கள் எல்லாம் அந்தக் குதிர் வைத்தவர்களின் வழியில் வந்தவர்கள். முத்துக்குளித்த கொற்கை எங்களுக்குப் பெருமை. நெல் குவித்த கொற்கைதான் எங்கள் பிழைப்பு. அதை நீங்கள் 'இடைக்காலத்து ஓடு' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டீர்கள்.

இந்த மாற்றத்துக்குக் கல்லில் எழுத்தும் உண்டு. கொற்கையை ஒட்டிய அக்கசாலையில் வயல் நடுவே ஒரு சிறு கோயில் நிற்கிறது. அக்கசாலை என்றால் பொன்வேலை செய்யும், காசு அடிக்கும் கூடம். கோயிலில் இருக்கும் ஈசுவரர் பெயரும் அக்கசாலை ஈசுவரமுடையார். அங்கே உள்ள கல்வெட்டில் கொற்கைக்கு மதுரோதய நல்லூர் என்று ஒரு பெயர் வருகிறது. பாண்டி நாட்டைப் பிடித்த சோழர் இந்த நாட்டையே ராஜராஜப் பாண்டிநாடு என்று மாற்றி எழுதிய காலமும் உண்டு. பெயர் மாறியது, ஆள்கிறவர் மாறினார், தொழில் மாறியது. காசடித்த கூடம் சாமிக்குப் பெயராக மட்டும் மிஞ்சியது. இதையெல்லாம் கல்வெட்டு ஓரளவு சொல்லும். கோயிலுக்கு நிலம் விட்டதைச் சொல்லும், விளக்குக்கு ஆடு விட்டதைச் சொல்லும். அன்றைக்கு அடுப்பில் என்ன வெந்தது, கூரையில் ஓடா ஓலையா, சங்கு அறுத்தவன் எப்போது வாளைக் கீழே வைத்தான் என்பதை மண்தான் சொல்ல வேண்டும். கல்வெட்டில் பெயர் ஏறாத ஆட்களுக்கு இந்தத் திரடு ஒன்றுதான் சாட்சி.

நீங்கள் இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. இந்த மண்ணில் நடந்த வேலைகளைப் பார்த்து நெஞ்சு நிறைந்தவள் நான். 1968-69இல் கொற்கையில் நடந்த அகழாய்வைப் பற்றி என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 2021இல் கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர் மூன்று இடத்திலும் குழிகள் திறந்தபோது மாணவர்களை வேனில் ஏற்றிக் கூட்டிப்போனேன். கொற்கைக் குழியில் செங்கல் கட்டுமானத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமி 3,200 வருசத்துக்கு முந்தையது என்று சட்டமன்றத்தில் அறிவித்த நாளில் எங்கள் பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம். ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழும்பியதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி மாளாது.

ஆனால் அந்த நாளிலிருந்து ஒரு பழக்கமும் வந்திருக்கிறது. யார் எதைக் கண்டெடுத்தாலும் முதல் கேள்வி, எத்தனை வருசம் என்பதுதான். இரண்டாயிரத்துக்குக் குறைவு என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. 'மேலே உள்ளது ஒன்றும் இல்லைம்மா, கீழே போனால்தான் விசயம்' என்று உங்கள் குழுவில் வந்தவர் ஒருவர் திரட்டின் மேல் நின்றே என்னிடம் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வருத்தமே அதுதான். அவருக்கே அது தவறென்று தோன்றவில்லை. 3,200 வருசத்து நெல்லைக் கொண்டாடும் நாம், ஓராயிரம் வருசத்து நெல்லை ஜேசிபியில் அள்ளிக் கொட்டச் சம்மதிக்கிறோம்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1958ஆம் வருசத்து நடுவண் சட்டம் தொன்மையான இடத்துக்கு நூறு வருசம் என்றுதான் அளவு வைத்திருக்கிறது. சங்ககாலம் என்று எங்கே இருக்கிறது? இதே மாநிலத்தில் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் 11ஆம் நூற்றாண்டு அரண்மனைச் சுவரைத் தேடிக் குழி குழியாகத் தோண்டுகிறார்கள். அங்கே கிடைத்த சீனப் பானையோட்டுக்குப் பத்திரிகையில் படம் வந்தது. அரசன் வீட்டு இடைக்காலத்துக்கு மதிப்பு உண்டு, உழுதவன் வீட்டு இடைக்காலத்துக்குக் கிடையாதா? இதை நான் கோபத்தில் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

மண் வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. வெள்ளத்தில் உடைந்த கரைகளை உயர்த்தியே ஆக வேண்டும். என் வீடும் அந்தக் கரைக்கு உள்ளேதான் இருக்கிறது, உடைந்தால் முதலில் முங்குவது நாங்கள். ஆனால் திரட்டு மண் ஓடும் சாம்பலும் கலந்த பொலபொலத்த மண். கரைக்கு அது நிற்காது என்று ஊரில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். குளத்துக்குள் வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் மேடு தட்டிக் கிடக்கிறது. அதை வெட்டி எடுத்தால் கரைக்கும் மண் ஆகும், குளத்திலும் தண்ணீர் கூட நிற்கும். இதைக் கிராமசபையில் கையைத் தூக்கிச் சொன்னோம். பதிவேட்டில் ஏறியதா என்றே தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வண்டி வந்தது. நான் போவதற்குள் தெற்கு மூலையில் நாலு நடை ஏற்றிவிட்டார்கள். ஓட்டுநர் தம்பி பக்கத்து ஊர்ப் பையன். "என்னத்த டீச்சர் இருக்கு இதுல, வெறும் ஓட்டாஞ்சில்லுதான?" என்றான். லாரியிலிருந்து சரிந்த மண்ணில் ஓர் உறைகிணற்றின் உறை, பாதி வட்டம், உடைந்து கிடந்தது. நான் எடுத்துக் காட்டினேன். இறங்கி வந்து கையில் வாங்கிப் பார்த்தான். அதன் உள்பக்கம் தண்ணீர் நின்ற கோடு வெள்ளையாகப் படிந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அன்றைக்கு மேலே மண் எடுக்கவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அன்றைக்குக் கூலி போயிருக்கும். அந்த நாலு நடையில் போன கிணறு எந்தக் கரைக்கு அடியில் கிடக்கிறதோ, இனி அதை யாரும் படிக்க முடியாது.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செப்பேட்டை இங்கே நினைவுபடுத்துகிறேன். வேள்விக்குடிச் செப்பேடு. 8ஆம் நூற்றாண்டு. பாண்டிய அரசன் பராந்தக நெடுஞ்சடையன் கூடல் மாநகரான மதுரையில் வரும்போது ஒருவர் உரக்கக் கூவி முறையிடுகிறார். நற்சிங்கன் என்ற கொற்கை கிழான். தம் முன்னோர் நற்கொற்றனுக்குப் பழைய பாண்டியன் பெருவழுதி கொடுத்த ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோனது, திருப்பித் தர வேண்டும் என்கிறார். அரசன் அவரை விரட்டவில்லை. பழையது என்று நாட்டாரைக் கொண்டு நிறுவிக் காட்டிப் பெற்றுக்கொள் என்றான். அவர் காட்டினார், ஊர் திரும்பக் கிடைத்தது. நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் அதே காலத்தில், இதே கொற்கைப் பெயரைச் சுமந்த ஒருவருக்குச் சான்று காட்ட வாய்ப்புக் கொடுத்தார்கள். நானும் அந்த வாய்ப்பைத்தான் கேட்கிறேன். ஊர் நிலம் எதையும் எனக்குக் கேட்கவில்லை.

ஆகவே, தை பிறந்ததும் வேலை தொடங்கும் என்று சொல்லப்படும் மண் எடுப்பு ஒப்புதலை உடனே நிறுத்திவையுங்கள். ரத்து செய்ய நாளாகும் என்றால், ஆய்வு முடியும் வரை நிறுத்தம் என்று ஒரு வரி எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். வாய்ச்சொல் போதாது, வண்டி ஓட்டும் பையன்களுக்குக் காட்ட எங்களுக்கு ஒரு தாள் வேண்டும்.

வடக்கு வெட்டுமுகத்தை அடுத்த மழைக்குள் முறையாகச் சீவி, அளந்து, படம் வரைந்து பதிவு செய்யுங்கள். ஒரே ஒரு சோதனைக் குழியாவது போடுங்கள். மேலிருந்து கீழே போகும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரே அக்கறை காட்டுங்கள். ஓட்டுக் குவியலையும் சாம்பலையும் சல்லடையில் சலியுங்கள். குதிரின் உமியைக் காலக்கணிப்புக்கு அனுப்புங்கள், சங்குத் தரையிலிருந்தும் ஒரு கரித்துண்டை அனுப்புங்கள். இரண்டுக்கும் இடையில் எத்தனை தலைமுறை என்று தெரிந்தால் போதும், என் பாடத்தில் விட்டுப்போன பக்கம் நிரம்பிவிடும். குழி போடும் வேலைக்கு எங்கள் ஊர்ப் பெண்களை எடுங்கள். நூறு நாள் வேலையில் மண் வெட்டிப் பழகிய கைகள், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் நிறுத்தத் தெரிந்தவர்கள்.

திரட்டின் எல்லையை அளந்து கல் நட்டு, வருவாய்ப் பதிவேட்டில் தொல்லியல் மேடு என்று எழுதுங்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெயரில் திரடு என்று முடியும் ஒவ்வொரு இடத்தையும் பட்டியல் எடுங்கள். சிவகளையில் பராக்கிரமபாண்டித் திரட்டில் குழி போட்டது உங்களுக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் வாழைக்கும் உப்பளத்துக்கும் சமன்செய்து போனவை போக மிஞ்சியவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டியலின் நகல் ஒன்று இருக்கட்டும்.

பொருநை அருங்காட்சியகத்தில் கடல் விலகிய பின் கொற்கை என்று ஒரு சின்ன இடம் ஒதுக்குங்கள். எங்கள் பையில் இருக்கும் மூன்று பச்சைப் பீங்கானையும், விரல் தடம் பதிந்த கூரை ஓட்டையும், பாதி உறையையும், எடுத்த இடமும் ஆழமும் எழுதிய சீட்டுகளோடு ரசீது பெற்று ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று மட்டும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. குழி திறக்கும் நாளை எங்களுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்தக் கேள்வி கேட்ட பையன் இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
கொற்கைக் குளத்துப் பாசனத்தில் வாழை வைத்திருக்கும்
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை